ஓய்வுக்குப் பிறகு ஒரு பிரஷ்: பெங்களூரில் இயற்கைக் காட்சி வரையத் தொடங்குபவர்களுக்கு

ஐம்பத்தைந்து, அறுபது வயதில் வரையலாம் என்று ஆசை வந்தவுடன் பலர் செய்கிற முதல் காரியம், பேரனின் பள்ளிக்கூடப் பெயிண்ட் டப்பாவையும் பிரிண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு உட்காருவது. நாலு சொட்டுத் தண்ணீர் பட்டதும் தாள் அப்பளமாக நெளியும். வானம் திட்டுத்திட்டாகும். இரண்டாவது முறை பிரஷ்ஷை வைத்தால் தாள் நூலாகப் பிரியும். "நமக்கு இதெல்லாம் வராது" என்று டப்பாவை மூடிவைத்துவிடுவார்கள். பிரிண்டர் தாள் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). நீர்வண்ணத்துக்கு வேண்டியது 300 ஜிஎஸ்எம். அந்தத் தாளில் தேர்ந்த ஓவியர் வரைந்தாலும் அப்பளம்தான்.

இந்தக் கட்டுரை நீர்வண்ணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. எண்ணெய் வண்ணம் காய நாள் கணக்கில் ஆகும். டர்பன்டைன் வாடை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ஒருவரையும் தூங்கவிடாது. அக்ரிலிக்கை வெளியில் எடுத்துப் போனால் காற்றில் தட்டிலேயே காய்ந்துவிடும். நீர்வண்ணம் ஒரு துணிப்பைக்குள் அடங்கும். வீடு திரும்பியதும் கழுவ வேண்டியது இரண்டு டப்பாவும் ஒரு தட்டும்தான். பதிலுக்கு அது கேட்பது, தண்ணீரைப் புரிந்துகொள்கிற பொறுமை.

என்ன வாங்குவது, என்ன வாங்கக் கூடாது

பணத்தைத் தாளில் போடுங்கள். 300 ஜிஎஸ்எம், 'கோல்ட் பிரஸ்டு' என்று கேளுங்கள்; லேசான சொரசொரப்பு இருக்கும். முழுத் தாள் 22 x 30 அங்குலம். அகலத்தை இரண்டாகவும் நீளத்தை நான்காகவும் வெட்டினால் 11 x 7.5 அங்குலத்தில் எட்டுத் துண்டு. இரண்டு தாள் வாங்கினால் பதினாறு. தொடக்கத்துக்கு 25 சதவீதம் பருத்தி கலந்த தாள் போதும். நூறு சதவீதப் பருத்தித் தாள் ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைப்பதால் வேலை செய்ய இன்னும் சுகம். ஆனால் அதன் விலையைப் பார்த்த பிறகு கை கூசும். பீரோவில் பூட்டி வைத்துவிடுவீர்கள். வீணாகிவிடுமே என்ற பயம் வராத தாளில்தான் கற்க முடியும்.

வண்ணத்தில் 24 டியூப் செட் வேண்டாம். 5 மில்லி டியூபில் ஆறு நிறம் தனித்தனியாக வாங்குங்கள்: லெமன் மஞ்சள், எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, ரோஸ், அல்ட்ராமரைன் நீலம், செருலியன் நீலம். டியூபின் மேல் 'ஆர்ட்டிஸ்ட்' என்று இருக்கட்டும். 'ஸ்டூடண்ட்' வகையில் நிறப்பொடி குறைவு, நிரப்பி அதிகம். கேமலின் ஆர்ட்டிஸ்ட் வகை தொடங்குவதற்குத் தாராளம். பச்சை டியூபும் கறுப்பு டியூபும் வாங்காதீர்கள், காரணம் பின்னால் வருகிறது.

ரோஸ் வாங்கும்போது மட்டும் டியூபின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். நிறப்பொடிக் குறியீடு பிவி 19 என்றால் நிலைக்கும். பிஆர் 83 என்ற பழைய அலிசரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். 'ஓபரா' என்று விற்கிற பளீர் ரோஜா நிறமும் அப்படித்தான். சுவரில் மாட்டினால் சில வருடத்தில் பூ போய் மரம் மட்டும் நிற்கும்.

பிரஷ் நான்கு போதும், செயற்கை இழையிலேயே. ரவுண்ட் 12, ரவுண்ட் 6, ஒரு அங்குல ஃபிளாட், கிளைகளுக்கு நீளமுடி ரிக்கர் 2. ரவுண்ட் பிரஷ்ஷைக் கடையிலேயே தண்ணீரில் நனைத்து ஓர் உதறு உதறிப் பாருங்கள். நுனி ஒன்றாகக் கூடினால் வாங்கலாம். இரண்டாகப் பிரிந்தால் வைத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது.

மிச்சமெல்லாம் வீட்டிலும் தெருமுனையிலும் கிடைக்கும். பரீட்சை அட்டை ஒன்று. ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குல மாஸ்கிங் டேப். 2பி பென்சில், நல்ல ரப்பர். தண்ணீருக்கு இரண்டு டப்பா, ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று சுத்தமாகவே இருக்க. பழைய பனியன் துணி. வண்ணம் கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு அல்லது மெலமைன் தட்டு. எவர்சில்வர் தட்டு வேண்டாம். அதில் நிறம் எவ்வளவு அடர்த்தி என்று தெரியாது.

டியூபில் மிஞ்சிய வண்ணத்தைத் தட்டில் காயவிட்டு, மறுநாள் தண்ணீர் தெளித்துப் பயன்படுத்தலாம். சில வண்ணங்கள் காய்ந்தால் வெடித்து உதிரும். ஈரமாக இருக்கும்போதே மருந்துக்கடைக் கிளிசரின் ஒரு சொட்டுக் கலந்துவிட்டால் உதிராது. தேன் சேர்த்த வெளிநாட்டு வண்ணங்களுக்கு இது தேவையில்லை. ஆனால் மூடி வைக்காவிட்டால் எறும்பு வரும்.

முதல் இரண்டு வாரம்: வீட்டில், தண்ணீரோடு

பூங்காவுக்கு ஓடாதீர்கள். பால்கனியில் ஒரு மேசை, காலையில் முக்கால் மணி நேரம். இந்த இரண்டு வாரத்தில் எந்தப் படமும் வரையப்போவதில்லை என்று முதலிலேயே வீட்டாரிடம் சொல்லிவிடுவது நல்லது. "என்ன வரைஞ்சீங்க, காட்டுங்க" என்ற கேள்விதான் இந்தக் கட்டத்தில் பெரிய எதிரி.

கற்க வேண்டியது இரண்டு: வண்ணக் கலவையின் கெட்டித்தனம், தாளின் ஈரம்.

கெட்டித்தனத்தைச் சமையலறைக் கணக்கில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசம், சாம்பார், தோசைமாவு. ரசம் என்றால் தட்டைச் சாய்த்ததும் ஓடும், வானத்துக்கு. சாம்பார் மெதுவாக நகரும். நடுத்தூர மரங்கள், நிழல்கள். தோசைமாவு சாய்த்தாலும் அசையாது. முன்னால் இருக்கும் அடர் இருட்டுக்கு. அல்ட்ராமரைனையும் பர்ன்ட் சியன்னாவையும் சரிபாதி கலந்தால் அழகான சாம்பல் கிடைக்கும், கெட்டியாகக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் வரும். கறுப்பு டியூபுக்கு வேலை இல்லாமல் போவது இதனால்தான். இந்த ஒரே கலவையை வைத்து ரசத்திலிருந்து தோசைமாவு வரை ஐந்து கட்டங்கள் நிரப்புங்கள். காய்ந்த பிறகு பார்த்தால் எல்லாமே ஒரு படி வெளிறியிருக்கும். அந்த வித்தியாசம் கைக்குப் பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

ஈரமும் மூன்று நிலை. தாளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று தண்ணீர் நின்றால் முதல் நிலை. இதில் வைக்கிற வண்ணம் பரவி ஓரமே இல்லாமல் கரையும். பளபளப்பு அடங்கி மங்கலாக மினுங்கினால் இரண்டாம் நிலை. வண்ணம் கொஞ்சம் பரவி மென்மையான ஓரத்தோடு நிற்கும். மூன்றாவது, காய்ந்தது. கண்ணால் சந்தேகமாக இருந்தால் புறங்கையைத் தாளின் மேல் லேசாக வையுங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

வில்லங்கம் எல்லாம் இரண்டாம் நிலையில்தான். மினுங்குகிற சாம்பார் மேல் ரசத்தை விட்டால், அந்த அதிகத் தண்ணீர் நிறப்பொடியைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி ஒரு கறையைப் போட்டுவிடும். புதிதாக வரைபவர்களின் வானத்தில் காணப்படும் மர்மப் பூக்கள் அனைத்தும் இப்படி வந்தவை. விதி ஒன்றுதான்: ஈரமான இடத்தில் வைக்கும் அடுத்த கலவை, ஏற்கெனவே தாளில் இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். சாம்பாரின் மேல் மாவு சரி; ரசம் தப்பு.

பெங்களூரில் இந்தக் காய்கிற நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். மார்ச்சில் ஐந்து நிமிடத்தில் காய்வது ஜூலைத் தூறலில் இருபது நிமிடமானாலும் ஈரமாகவே இருக்கும். ஹேர் டிரையரை எட்டி நின்று காட்டலாம். ஆனால் பளபளப்பு இருக்கும்போது காட்டினால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடித் திட்டாகும்.

தட்டையான வாஷ் (தாள் முழுக்க ஒரே சீராகப் பூசும் மெல்லிய வண்ணம்) ஒன்றைத் தினமும் ஒரு தடவை போடுங்கள். தாளின் நாலு ஓரமும் அரை அங்குலம் மறையும்படி டேப் ஒட்டி, அட்டையின் மேற்பக்கத்துக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் வைத்துச் சாய்க்கவும். செருலியன் ரசம் இரண்டு தேக்கரண்டி அளவு முதலிலேயே கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். ஃபிளாட் பிரஷ்ஷால் மேலிருந்து இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு. கீழ் ஓரத்தில் மணி மாதிரி திரண்டு நிற்கும் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு அடுத்த இழுப்பு. கடைசியில் அடியில் தேங்குவதைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள். நடுவில் எங்கேயாவது சரியில்லை என்று திரும்பிப் போய்த் தடவவே கூடாது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பழக ஒரு வாரம் ஆகும்.

பச்சை

இந்த ஊரில் வரைய உட்கார்ந்தால் எட்டுத் திசையும் பச்சை. டியூப் பச்சையைப் பயன்படுத்தினால் புங்கையும் சில்வர் ஓக்கும் புல்தரையும் ஒரே சகோதரர்களாகிவிடும், எல்லாமே பிளாஸ்டிக் செடி நிறத்தில். ஒரு தாள் முழுக்கக் கட்டம் போட்டு இவற்றைக் கலந்து பாருங்கள். லெமன் மஞ்சள் மூன்று பங்கு, செருலியன் ஒரு பங்கு: மார்ச், ஏப்ரலில் புங்கை விடும் புதுத் தளிர். லெமன் மஞ்சளும் அல்ட்ராமரைனும் சரிபாதி, ஒரு துளி பர்ன்ட் சியன்னா: சாதாரணமாக நிழல் விழுந்த மரத்தலை. ஓக்கரும் அல்ட்ராமரைனும்: தூசி படிந்த சாலையோர மரம், பிப்ரவரியின் காய்ந்த புல். அல்ட்ராமரைன் நிறையச் சேர்த்து, ரோஸ் ஒரு துளி தொட்டால் தொலைதூர மரவரிசை. தூரம் போகப்போகப் பச்சை நீலமாகி வெளிறும்.

பச்சையில் சிவப்புச் சாயல் கலந்தால்தான் அது உயிருள்ள பச்சையாகும். மூன்று நிறங்களுக்கு மேல் கலந்தால் சேறாகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் குறுகலானது. கட்டங்கள்தான் அதைக் காட்டித் தரும். கட்டத்துக்கு அடியில் எதை எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதிவைக்காவிட்டால் நாளைக்கு ஞாபகம் இருக்காது.

முதல் வெளிவேலை: அல்சூர் ஏரி

முதல் படத்துக்கு மரத்தையோ கட்டடத்தையோ எடுக்காதீர்கள். ஏரிதான் சுலபம். வானம், எதிர்க்கரை, தண்ணீர் என்று மூன்று பட்டைகள். திருவள்ளுவர் சிலை இருக்கிற அல்சூர் ஏரிக்கரை தமிழர்களுக்குப் பழகிய இடம், மெட்ரோவிலும் போகலாம். எதிர்க்கரை மரங்களும் நடுவில் தீவுகளும் பாடத்துக்காகவே வைத்த மாதிரி இருக்கும். சாங்கி ஏரியும் பொருந்தும்.

காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். பெங்களூர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது; ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழலே இல்லாமல் போகும். மற்ற மாதங்களிலும் பத்து மணிக்கு மேல் நிழல் சுருங்கி மரங்கள் தட்டையாகத் தெரியும். ஒன்பதுக்கு முன், நாலுக்குப் பின் என்று வைத்துக்கொண்டால் வரைய நிழல் கிடைக்கும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி உட்காருங்கள். உங்கள் தாள் மட்டும் நிழலில் இருக்க வேண்டும். வெயில் விழும் தாளில் வரைந்தது அங்கே பிரமாதமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து பார்த்தால் இருண்டு கிடக்கும்.

1. ஓர் அட்டையில் 6.5 x 10 சென்டிமீட்டர் சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். டேப் ஒட்டியபின் உங்கள் தாளில் மிஞ்சுவது 6.5 x 10 அங்குலம் என்பதால் விகிதம் பொருந்தும். அதன் வழியே ஒரு கண்ணால் பார்த்துக் காட்சியைத் தேர்ந்தெடுங்கள். பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாம்.

2. நோட்டில் தீப்பெட்டி அளவில் பென்சில் படம். வெள்ளை, நடு, இருட்டு என்று மூன்றே நிலை. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இந்த மூன்றும் தானாகப் பிரியும். இதைச் செய்யாமல் தாவுகிறவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து நிமிடம்தான்.

3. தாளில் நாலைந்து கோடுகள் மட்டும். கரைக்கோடு சரிபாதியில் விழக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மேலே அல்லது கீழே. கோடு கிடைமட்டமாக இருக்கிறதா என்று டேப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாய்ந்தால் ஏரி வழிந்து ஓடும்.

4. வானமும் தண்ணீரும் ஒரே வாஷ். மேலே செருலியன் ரசம், கரைக்குப் பக்கத்தில் ஓக்கர் ஒரு துளி சேர்த்த வெளிர் ரசம், மறுபடி கீழே போகப்போக நீலம். பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுபோவது இதற்குத்தான். ஆனால் பிரஷ்ஷைக் காபி டம்ளரில் முக்காத நீர்வண்ணக்காரர் உலகத்தில் இல்லை; டம்ளரை இடது பக்கம் வையுங்கள்.

5. எதிர்க்கரை, நீலப்பச்சைச் சாம்பாரில், ஒரே தொகுதியாக. மரம் மரமாக வரையாதீர்கள். மேல் ஓரம் மட்டும் மேடும் பள்ளமுமாக இருக்கட்டும். கீழே தண்ணீரைத் தொடும் இடத்தில் நூல் அளவு வெளிர் இடைவெளி விடுங்கள், அதுவே கரை.

6. இடைவெளிக்குக் கீழே பிரதிபலிப்பு. ஒரு பொருளின் பிரதிபலிப்பு அதற்கு நேர் கீழேயே விழும். இருண்ட பொருளின் பிரதிபலிப்பு அதைவிடச் சற்று வெளிறியும், வெளிச்சமான பொருளுடையது சற்று இருண்டும் இருக்கும். ஆகவே கரைக்குப் போட்டதைவிடக் கொஞ்சம் மெல்லிய கலவையைச் செங்குத்தாக இழுத்து, ஈரமாக இருக்கும்போதே பிழிந்த ஃபிளாட் பிரஷ்ஷால் குறுக்கே ஒரே ஒரு இழுப்பு. இரண்டாவது இழுப்பு தண்ணீரைக் குழப்பிவிடும்.

7. காய்ந்ததும் தீவு, கரையைவிட அடர்த்தியாக, பச்சை கூடுதலாக. கடைசியில் தோசைமாவு இருட்டு ஐந்தாறு இடத்தில்: தீவின் அடிப்பகுதி, ஒரு தண்டு, ஒரு படகு. எண்ணி வையுங்கள்.

மொத்தம் ஒரு மணி நேரம். அதற்கு மேல் ஆனால் நீங்கள் வரையவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். டேப்பைத் தாள் முழுக்கக் காய்ந்த பிறகு, படத்திலிருந்து வெளிப்பக்கமாக, தாளோடு ஒட்டிய மாதிரி மெதுவாக உரியுங்கள். செங்குத்தாக இழுத்தால் தாளின் தோலும் சேர்ந்து வரும்.

இதே இடத்துக்கு ஐந்து முறை போங்கள். ஒவ்வொரு வாரமும் புது இடம் தேடுகிறவர் ஒவ்வொரு வாரமும் முதல் படத்தையே வரைகிறார். ஐந்தாவது முறை கரைக்கோட்டை யோசிக்காமல் போடுவீர்கள். கண் அப்போதுதான் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க ஆரம்பிக்கும். நந்தி மலைக்கெல்லாம் அப்புறம் போகலாம்.

மரம்

பெங்களூரில் மரம் பழகத் தூங்குமூஞ்சி மரத்தைவிட நல்ல வாத்தியார் கிடையாது. குடை மாதிரி விரிந்த தலை, அடியில் தெளிவாகத் தெரியும் கிளைகள். கப்பன் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை வாகனம் விடுவதில்லை என்பதால் அன்று போவது நிம்மதி.

இலை வரையக் கூடாது. தலையை மூன்று நான்கு பெரிய கொத்துகளாகப் பாருங்கள். ஒவ்வொரு கொத்துக்கும் வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம். முதலில் வெளிச்சப் பச்சையை முழுத் தலைக்கும் சாம்பாராக வைத்து, பளபளப்பு அடங்கியதும் நிழல் பக்கத்தில் கெட்டிப் பச்சையைத் தொடுங்கள்; தானே பரவி உருண்டை தெரியும். கொத்துகளுக்கு நடுவே வானம் எட்டிப்பார்க்கும் ஓட்டைகளை விட மறந்துவிடாதீர்கள். மறந்தால் மரம் காலிஃபிளவராகும், இந்த முறை நிஜமாகவே. அந்த ஓட்டைகளுக்குள் கிளைகள் தெரியும். ரிக்கரால் தண்டிலிருந்து நுனி நோக்கி, கிளை வளர்கிற திசையிலேயே இழுங்கள். ஓரங்களுக்கு ரவுண்ட் பிரஷ்ஷை ஏறக்குறைய படுக்கவைத்து, தண்ணீர் குறைத்து உரசினால் தாளின் சொரசொரப்பே இலைகளைப் போட்டுவிடும்.

தண்டு காபிப்பொடி நிறம் இல்லை. பள்ளிக்கூடத்தில் கற்ற அந்தப் பழுப்பை விடப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. போய்ப் பாருங்கள்: பெரும்பாலான தண்டுகள் சாம்பல், ஒரு பக்கம் நீலச் சாயல், வெயில் படும் பக்கம் ஓக்கர். லால்பாகில் ஒரு பிரம்மாண்டமான இலவமரம் இருக்கிறது; பலகை பலகையாகப் புடைத்த அதன் வேர்களில் ஒரு மாதம் செலவிடலாம், பச்சையே தேவைப்படாது.

லால்பாகின் பாறையும் அப்படித்தான். கிட்டத்தட்ட முந்நூறு கோடி வருடப் பாறை, மேலே கெம்பேகவுடா கோபுரம். பார்த்தவுடன் வெறும் சாம்பல் என்று தோன்றும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் ரோஸும் ஓக்கரும் தெரியும். எட்டரைக்கு மேல் அங்கே உட்கார முடியாது, கல் சுடும். குடியரசு தினம், சுதந்திர தினத்தை ஒட்டி மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் லால்பாக் பக்கமே வரைய வராதீர்கள்; உங்களுக்கு முன்னால் நிற்கிற முதுகுகளைத்தான் வரைய வேண்டியிருக்கும்.

மனிதர்கள் வேண்டுமென்றால் ஒரு சின்ன கணக்கு. தரை சமமாக இருந்து நீங்கள் நின்று வரைந்தால், எவ்வளவு தூரத்தில் நிற்பவரானாலும் உங்கள் உயரம் உள்ளவரின் கண் உங்கள் கண்மட்டக் கோட்டிலேயே விழும். தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு எல்லோருடைய இடுப்புக்குப் பக்கத்தில் போகும். இதைத் தவறவிட்டால் தூரத்து ஆள் காற்றில் மிதப்பார்.

பிங்க் டபேபுயா, ஜகரண்டா, குல்மொஹர் என்று ஆண்டின் முற்பாதி முழுக்கப் பூ. வரையத் தூண்டும், ஏமாற்றும். ரோஸை அப்படியே அப்பினால் பஞ்சுமிட்டாய். பூங்கொத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு ரோஸ் ரசம், நிழல் பக்கத்துக்கு ரோஸோடு அல்ட்ராமரைன் சேர்த்த சாம்பார். பின்னால் இருக்கும் பச்சையைச் சற்று மங்கவைத்தால் பூ தானே எரியும். சுதந்திரப் போராட்டம், பத்திரிகை, அரசியல் என்று போய்விட்டு ஓவியத்துக்குத் திரும்பி வந்த ருமாலே சென்னபசவையா (1910–1988) இந்த ஊரின் பூமரங்களை ஏராளமாக வரைந்திருக்கிறார். எங்கேயாவது பார்க்கக் கிடைத்தால் பூவை விட்டுவிட்டு நிழலில் அவர் என்ன நிறம் வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள்.

கண்ணும் முட்டியும்

இளையவர்களுக்கான ஓவியப் புத்தகங்களில் இந்தப் பகுதி இருக்காது.

வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வரையாதீர்கள். இருட்டு, வெளிச்சம் இரண்டையும் அது மாற்றிக் காட்டும். சாதாரணக் கண்ணாடி, அகலமான தொப்பி. புரோகிரெசிவ் லென்ஸ் என்றால் மடியில் தாளை வைக்காமல் சற்று உயர்த்திச் சாய்த்து வையுங்கள்; கழுத்தை ஆட்டாமல் தூரமும் தாளும் மாறி மாறித் தெரிய வேண்டும்.

வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், நீலம் மங்கித் தெரியும். கண்புரை முற்றினால் படம் முழுக்கப் பழுப்பும் செம்மையுமாகப் போகும். ஓவியர் மோனேவுக்கு 1923இல் கண்புரை அறுவை நடந்தது. அதற்கு முன் வந்த படங்களின் நிறத்தைப் பார்த்தால் புரியும். உங்கள் படங்கள் எல்லாமே சூடான நிறத்தில் இருக்கிறது என்று இரண்டு பேர் சொன்னால் வண்ணத்தை மாற்றுமுன் கண் மருத்துவரைப் பாருங்கள். அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லாம் நீலமாகத் தெரிவதும் சகஜம்.

கை நடுங்குகிறவர்கள் பிரஷ்ஷின் கழுத்தைப் பிடிக்காமல் பின்பாதியைப் பிடித்து, தோளிலிருந்து அசையுங்கள். விரல் நடுக்கம் கோட்டில் குறையும்; மிஞ்சுகிற நடுக்கம் கிளைக்கு அழகுதான். பிரஷ் நுனியைக் கூர்மையாக்க வாயில் வைக்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால் இன்றே விடுங்கள். சில வண்ணங்களில் காட்மியம் உண்டு.

மடக்கு ஸ்டூல் வாங்கும்போது உயரம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள். கடையில் விற்கும் பன்னிரண்டு அங்குல ஸ்டூலில் உட்காருவது சுலபம். எழுந்திருக்க ஆள் தேட வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஆறடி பின்னால் போய்ப் படத்தைப் பாருங்கள். முட்டிக்கும் நல்லது, படத்துக்கும் நல்லது. நீர் பிரியும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். பாதி வாஷில் எழுந்து ஓட முடியாது.

கூட்டம் கூடும், அதுவும் குழந்தைகள். முதுகுப் பக்கம் ஒரு மரமோ சுவரோ இருக்கிற மாதிரி உட்கார்ந்தால் பின்னாலிருந்து எட்டிப்பார்க்க இடம் இருக்காது. பெரிய ஸ்டாண்டுகளை விரித்தால் படப்பிடிப்பு என்று நினைத்துக் காவலர் விசாரிக்க வரலாம். மடியில் பரீட்சை அட்டை வைத்திருப்பவரை யாரும் கேட்பதில்லை.

நிஜப் படங்களைப் பாருங்கள்

போனில் பார்க்கிற நீர்வண்ணத்தில் தாளின் தடம் தெரியாது. அரண்மனைச் சாலையில் மாணிக்யவேலு மாளிகையில் இருக்கிற தேசிய நவீன ஓவியக் கூடம் திங்கள்கிழமை விடுமுறை. மற்ற நாள் ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். மைசூர் தந்த கே. வெங்கடப்பா (1886–1965) ஊட்டியின் மூடுபனியை நீர்வண்ணத்தில் வரைந்தவர். ஈரத்தின் இரண்டாம் நிலையை அவரிடம் படிக்கலாம். ஜனவரியில் சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்திரச் சந்தையன்று குமாரக்ருபா சாலை நெடுக ஓவியர்கள் படங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். வாங்காவிட்டாலும், "இந்த வானம் எத்தனை வாஷ்?" என்று கேளுங்கள். இரண்டு வாரம் வீட்டில் தண்ணீரோடு மல்லுக்கட்டியவருக்கு அந்தப் பதில் புரியும்.

வகுப்பில் சேருவதானால் முதல் நாளே ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர் உங்கள் தாளில் தானே பிரஷ் வைத்துத் திருத்தினால் வேறு இடம் பாருங்கள். வீட்டுக்கு எடுத்துப் போகப் படம் அழகாக இருக்கும், கைக்கு ஒன்றும் வந்திருக்காது.

பத்திரப்படுத்துவது

மிச்சத் தாள்களைப் பிளாஸ்டிக் உறையில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, சுவரைத் தொடாமல் வையுங்கள். மழைக்கால ஈரத்தில் தாளின் மேல்பூச்சான பசை கெட்டுவிடும். பிறகு வண்ணம் வைத்தால் பிளாட்டிங் பேப்பரில் மை மாதிரி புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும். அந்தத் தாளைத் தூக்கிப்போட வேண்டாம், பச்சைக் கட்டங்கள் போட உதவும். பிரஷ்ஷைச் சாதாரணக் குளியல் சோப்பில் கழுவி, நுனியை விரலால் கூட்டி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். தண்ணீர் டப்பாவில் தலைகீழாக ஊறப்போட்டால் ஒரே ராத்திரியில் முடி வளைந்துவிடும்.

படத்தின் பின்பக்கம் பென்சிலில் தேதி, இடம், நேரம், எது சொதப்பியது என்று ஒரு வரி. சொதப்பிய படத்தையும் கிழிக்காதீர்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த வாரத்து வாஷுக்கு ஆகும்.